தலைமுறை கடந்த பூவேலைக் குழந்தை அங்கி: கைக்கு வந்தவர் செய்ய வேண்டியவை

குடும்பத்துப் பழைய ட்ரங்குப் பெட்டியிலிருந்தோ ஓர் ஏலத்திலிருந்தோ, மெல்லிய வெள்ளைத் துணியில் வெள்ளை நூலாலேயே பூவேலை செய்த நீண்ட குழந்தை அங்கி உங்கள் கைக்கு வந்து சேர்ந்தால், அதை உடனே தண்ணீரில் போடாதீர்கள். மஞ்சள் படிந்த துணியைக் கண்டதும் வெளுக்கத் தோன்றுவது இயல்புதான். ஆனால் நூற்றைம்பது ஆண்டுப் பழைய இழைக்கு எதைச் செய்வதானாலும் அதற்கு முன் பார்க்கவும் அளக்கவும் எழுதிவைக்கவும் வேண்டியவை நிறைய உள்ளன. செய்யாமல் விட்டதைப் பிறகு எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். அவசரத்தில் செய்துவிட்டதைத் திரும்பப் பெற வழியில்லை. கீழே சொல்லப்படும் ஒவ்வொரு படியும் இந்த எண்ணத்தின் மேல்தான் நிற்கிறது.

எடுத்துக்காட்டாக, ஸ்காட்லாந்தின் தென்மேற்கிலுள்ள ஏர்ஷயர் பகுதியின் வெள்ளைப் பூவேலை அங்கிகளைக் கொள்கிறேன். பிரிட்டனில் குடும்பங்களிலும் ஏலங்களிலும் இன்றும் காணக்கிடைக்கும் பழைய ஞானஸ்நான அங்கிகளில் இவ்வகைக்குத் தனி இடம் உண்டு. லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் இவற்றின் நல்ல மாதிரிகள் இருக்கின்றன.

இந்த வேலையின் பிறப்பை அறிந்துகொண்டால் அங்கியைப் படிப்பது எளிதாகும். 1814ஆம் ஆண்டில் சீமாட்டி மேரி மான்ட்கோமரி, தம் கைக்குழந்தையின் பிரெஞ்சுப் பூவேலை அங்கி ஒன்றை ஏர் நகரத்தில் பருத்தி முகவர் ஒருவரின் மனைவியான திருமதி ஜேமிசனுக்கு இரவலாகக் கொடுத்தார் என்றும், துணியை வெட்டித் துளையாக்கி அத்துளைக்குள் ஊசியாலேயே லேஸ் நிரப்பியிருந்த அதன் நுட்பத்தை ஜேமிசன் ஆராய்ந்து கற்று, தம் பகுதிப் பெண்களுக்குக் கற்பித்தார் என்றும் இத்தொழிலின் வரலாறு சொல்லப்படுகிறது. வணிகர்கள் மஸ்லின் துணியில் வடிவத்தை அச்சிட்டு வீடு வீடாக அனுப்ப, ஸ்காட்லாந்திலும் பின்னர் அயர்லாந்திலும் ஆயிரக்கணக்கான பெண்களும் சிறுமிகளும் குறைந்த கூலிக்கு அதைத் தைத்துக் கொடுத்தார்கள். மங்கிய வெளிச்சத்தில் வெள்ளையின் மேல் வெள்ளையைத் தைத்துத் தைத்துக் கண் கெட்டவர்கள் பலர். 1860களில் அமெரிக்க உள்நாட்டுப் போரால் பருத்தி வரத்து தடைப்பட்டதும், சுவிட்சர்லாந்தின் இயந்திரப் பூவேலை மலிவாக வந்து குவிந்ததும் இத்தொழிலை ஒடுக்கிவிட்டன. ஆகவே, அசலான ஏர்ஷயர் அங்கி ஒன்று உங்களிடம் இருந்தால் அது பெரும்பாலும் அந்த ஐம்பது ஆண்டுகளுக்குள் பிறந்தது.

தமிழகத்துக்கும் இதற்கும் சற்றுத் தள்ளிய ஓர் உறவு உண்டு. 1819இல் கிறித்தவ மறைப்பணிக்காக நாகர்கோவில் வந்த மால்ட் தம்பதியரில் மார்த்தா மால்ட் அங்கே பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்பித்தார். அவர் மகள் எலைசா, ராபர்ட் கால்டுவெல்லை மணந்து 1844இல் இடையன்குடிக்குச் சென்று அங்கும் அக்கைத்தொழிலைத் தொடங்கினார். அது தலையணைமேல் சிறு கட்டைகளைக் கொண்டு பின்னும் லேஸ். ஏர்ஷயர் வேலையிலிருந்து முற்றிலும் வேறானது. ஆயினும் கன்னியாகுமரி, திருநெல்வேலி மாவட்டங்களில் அத்தகைய லேஸ் வைத்துத் தைத்த ஞானஸ்நான உடை உங்கள் வீட்டில் இருக்குமானால், பேணும் முறை இரண்டுக்கும் ஒன்றே.

முதல் படி: என்ன வைத்திருக்கிறீர்கள் என்று அறியுங்கள்

நகம் வெட்டி, மோதிரமும் வளையலும் கழற்றி, கையைச் சோப்பிட்டுக் கழுவி, ஈரம் முழுதும் உலர்ந்தபின் அங்கியைத் தொடுங்கள். அங்கியைவிடப் பெரிய மேசையில் சுத்தமான வெள்ளை விரிப்பைப் போட்டு, அதன்மேல் அங்கியை முழு நீளத்துக்குக் கிடத்துங்கள். தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கவே கூடாது. பாவாடைப் பகுதி மிகவும் நீண்டிருப்பதால் அதன் பாரம் முழுவதும் உள்ளங்கை அகலமேயுள்ள தோளில் இறங்கிவிடும். இடம் மாற்ற வேண்டுமானால் விரிப்போடு சேர்த்தே தூக்குங்கள்.

இனி உருவத்தைப் பாருங்கள். ஏர்ஷயர் அங்கியில் கழுத்து இறக்கமாகவும் கை குட்டையாகவும் இருக்கும்; முதுகுப்புறம் திறப்பும், கழுத்திலும் இடுப்பிலும் இழுத்துக் கட்டும் மெல்லிய நாடாவும் இருக்கும். மார்பின் முன்பகுதியில் கீழ்நோக்கிக் கூராகும் முக்கோணப் பூவேலைத் துண்டு ஒன்றும், அதற்கு எதிராக இடுப்பில் குறுகித் தொடங்கி அடிவிளிம்பு நோக்கி அகன்றுகொண்டே போகும் நீண்ட துண்டு ஒன்றும் இருப்பது இதன் நன்கறியப்பட்ட அமைப்பு. இந்த இரு முக்கோணங்களும் முனையோடு முனை சந்திக்கும் இடத்தில் தையல் இயல்பாக ஓடுகிறதா என்று கவனியுங்கள். ஓடாவிட்டால் வேறோர் உடையின் துண்டைப் பிற்காலத்தில் யாரோ சேர்த்திருக்கக்கூடும். குழந்தை கால் உதைத்து நகரத் தொடங்கியதும் நீள அங்கியை வெட்டிக் குட்டையாக்கும் வழக்கம் அக்காலத்தில் இருந்தது. வெட்டிய பூவேலையை வேறு உடைக்கும் பயன்படுத்திக்கொண்டார்கள். அத்தகைய மாற்றம் குறையன்று. அதுவும் அந்த அங்கியின் வாழ்க்கையில் ஒரு பகுதியே. ஆனால் விலை கொடுத்து வாங்குபவர் அதை வாங்குமுன் அறிந்திருக்க வேண்டும்.

கைவேலையா இயந்திர வேலையா என்பதைப் பின்புறம் சொல்லும். பத்து மடங்கு பெருக்கும் கண்ணாடி ஒன்று போதும். ஒரே பூ மீண்டும் மீண்டும் வருமிடத்தில் நான்கைந்து பூக்களை அடுத்தடுத்துப் பாருங்கள். கையால் தைத்தவற்றில் ஓர் இதழ் சற்றுத் தடித்தும் மற்றோர் இதழ் சற்று மெலிந்தும் இருக்கும். இயந்திரம் தைத்தவற்றில் எல்லாப் பூக்களும் ஒன்றுபோலிருக்கும். அதைவிட முக்கியமாக, ஒரு பூவிலுள்ள பிழை அதே இடத்தில் எல்லாப் பூவிலும் இருக்கும். 1860களில் வந்த ஷிஃப்லி என்னும் பூவேலை இயந்திரம் முன்பக்கம் ஒரு நூலும் பின்பக்கம் ஒரு நூலுமாகத் தைப்பதால், பின்புறத்தில் வேறொரு நூல் தனியாக ஓடுவதைக் கண்டால் அது கைவேலை அன்று. துளைகளுக்குள் இருக்கும் சிலந்தி வலை போன்ற ஊசி லேஸ்தான் ஏர்ஷயர் வேலையின் உயிர். ஓர் அங்கியிலேயே பத்துப் பன்னிரண்டு வகை நிரப்புகளைக் காணும்போது, தைத்தவர் ஒவ்வொரு துளைக்கும் தனித்தனியே யோசித்திருக்கிறார் என்பது புரியும். நிதானமாக எல்லாவற்றையும் பாருங்கள். இதற்கு ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கினாலும் தகும்.

மூட்டுத் தையல்களையும் பாருங்கள். வீடுகளில் தையல் இயந்திரம் பரவியது 1850களின் பிற்பகுதிக்குப் பிறகே. முழு அங்கியும் இயந்திரத்தால் மூட்டப்பட்டிருந்தால் ‘1800ஆம் ஆண்டு அங்கி’ என்னும் குடும்பக் கதையை அப்படியே ஏற்பதற்கில்லை. அதற்காக மூத்தவர்களிடம் வாதாட வேண்டியதில்லை. அவர்கள் சொன்னதை ஒரு வரியாகவும் நீங்கள் கண்டதை அடுத்த வரியாகவும் எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: எழுதிவையுங்கள்

ஓர் அளவுகோலை அருகில் வைத்து முன்புறம், பின்புறம், கழுத்து, கை, அடிவிளிம்பு, ஒவ்வொரு கறை, ஒவ்வொரு கிழிசல் என்று படமெடுங்கள். ஒரு நோட்டில் நீளம், மார்புச் சுற்றளவு, கைத்துளைச் சுற்றளவு ஆகியவற்றைக் குறியுங்கள். அங்கியின் அருகில் பென்சிலை மட்டும் பயன்படுத்துங்கள். பேனா மைக்கு அங்கே இடமில்லை.

பிறகு குடும்பத்தில் வயதானவர்களிடம் கேட்டு, இந்த அங்கியை உடுத்திய குழந்தைகளின் பெயர், நாள், ஆலயம் ஆகியவற்றை வரிசையாக எழுதுங்கள். அவர்கள் பேசுவதைக் கைப்பேசியில் பதிவுசெய்வது நல்லது. ஆலயங்களில் ஞானஸ்நானப் பதிவேடுகள் உள்ளதால் நினைவில் தடுமாறும் ஆண்டுகளை அங்கே சரிபார்க்கலாம். துணி எவ்வளவு நன்றாக எஞ்சினாலும் இந்தப் பெயர்கள் தொலைந்துபோனால் அது ஒரு பழைய உடையாக மட்டுமே மிஞ்சும். எனவே துவைப்பதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள்.

மூன்றாம் படி: துவைக்கலாமா என்று முடிவெடுங்கள்

பட்டாக இருந்தால் வீட்டில் துவைக்க வேண்டாம். குறிப்பாக 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிப் பட்டுகளில் கனம் கூட்டுவதற்காக உலோக உப்புகளை ஏற்றியிருப்பார்கள். அவை காலப்போக்கில் பட்டை மடிப்பு மடிப்பாகப் பிளக்கச் செய்யும். துணியில் பூஞ்சணம் பரவியிருந்தாலும், மடிப்புக் கோடுகளில் இழை அற்றுக்கொண்டிருந்தாலும், மையால் எழுத்து இருந்தாலும், துணிப் பாதுகாப்பில் பயிற்சி பெற்றவரிடமே கொடுங்கள். சாதாரண உலர்சலவைக் கடையில் கொடுப்பது எந்நிலையிலும் கூடாது.

பருத்தியாகவும் இழை உறுதியாகவும் இருந்தால் துவைப்பதால் நன்மை உண்டு. பருத்தி மூப்படையும்போது அதிலுள்ள செல்லுலோஸ் சிதைந்து மஞ்சள் நிறமுள்ள அமிலப் பொருள்கள் உண்டாகின்றன. அந்த அமிலமே மேலும் சிதைவைத் தூண்டுகிறது. இவற்றில் பெரும்பகுதி வெறும் நீரில் கரையக்கூடியது என்பதால், வெளுப்பான் எதுவும் இல்லாமலேயே நீரில் ஊறவைப்பது துணிக்கு மென்மையைத் திரும்பத் தரும்.

முதலில் பட்டு ரிப்பன்கள் கோத்திருந்தால், எந்தத் துளை வழியே எப்படிச் சென்றன என்று படமெடுத்துக்கொண்டு உருவிவிடுங்கள். துருப்பிடித்த குண்டூசி, ஊக்கு, கொக்கி இருந்தால் அகற்றுங்கள். நிற நூலால் எழுத்துக்குறி தைத்திருந்தால் ஈரப் பஞ்சை அதன்மேல் சில நிமிடம் ஒற்றி, சாயம் இறங்குகிறதா என்று சோதியுங்கள். இறங்கினால் துவைக்க வேண்டாம்.

தண்ணீரில்தான் பலரும் கவனம் தவறுகிறார்கள். நம் ஊர் ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பும், சில இடங்களில் இரும்பும் இருக்கும். அந்த இரும்பு துணியில் தங்கிச் சிதைவை விரைவுபடுத்தும். எனவே காய்ச்சி வடித்த நீர் வேண்டும்; குறைந்தது, கடைசி அலசலுக்காவது அது வேண்டும். அது கிடைக்காதபோது ஆர்.ஓ. நீரைப் பயன்படுத்தலாம். அகலமான, ஆழமில்லாத பிளாஸ்டிக் தொட்டி ஒன்றை எடுத்து, அதன் அடியில் ஜன்னலுக்குப் போடும் மென்மையான நைலான் வலையை விரித்து, வலையின்மேல் அங்கியைக் கிடத்தி, வெதுவெதுப்பான நீரை மெல்ல ஊற்றுங்கள். அரை மணியில் நீர் தேநீர் நிறமாக மாறுவதைக் காண்பீர்கள். வலையோடு தூக்கி, நீரை மாற்றி, நிறம் இறங்குவது நிற்கும் வரை மீண்டும் செய்யுங்கள். அதன்பின் வாசனையும் நிறமும் வெண்மையூட்டியும் இல்லாத, காரமற்ற திரவச் சோப்பை லிட்டருக்கு ஓரிரு மில்லிலிட்டர் மட்டும் கலந்து, பஞ்சால் மேலிருந்து கீழாக மெல்ல அழுத்தி எடுங்கள். தேய்க்கவோ கசக்கவோ பிழியவோ கூடாது. நனைந்த அங்கி மிகவும் கனக்கும். அந்தக் கனத்தை ஊசி லேஸ் தாங்காது என்பதால்தான் வலை தேவைப்படுகிறது. சோப்பு முற்றிலும் நீங்க, நீங்கள் போதும் என்று நினைத்த பிறகும் இரண்டு முறை அலசுங்கள்.

ப்ளீச்சிங் பவுடர் அறவே ஆகாது. துணியில் துருக்கறை இருக்கும் இடத்தில் அது பட்டால் கறை இருந்த இடமே ஓட்டையாகிவிடும். துருவை நீக்க எலுமிச்சையும் புளியும் தேய்ப்பது பாத்திரத்துக்குச் சரி. பழைய பருத்தியில் அந்த அமிலம் தங்கி இழையைத் தின்னும். சொட்டு நீலமும் வேண்டாம், கஞ்சியும் வேண்டாம். பழைய மஸ்லினின் நிறம் பால்வெண்மையே. கடை வெள்ளையை அதனிடம் எதிர்பார்ப்பது அதற்குச் செய்யும் அநியாயம். எஞ்சிய கறைகளை அப்படியே விட்டுவிடுங்கள்.

தடித்த வெள்ளைத் துவாலையின்மேல் கிடத்தி, மேலே மற்றொரு துவாலையால் ஒற்றி, பூவேலையின் இதழ்களையும் விளிம்பின் வளைவுகளையும் விரல் நுனியால் ஒவ்வொன்றாகச் சீராக்கி, நிழலில் மின்விசிறிக் காற்றில் உலரவிடுங்கள். இப்படிச் செய்தால் பெரும்பாலும் இஸ்திரி தேவைப்படாது. தேவைப்பட்டாலும் மிதமான சூட்டில், பூவேலை துவாலைக்குள் அமிழும்படி கவிழ்த்துப் போட்டு, பின்புறத்தில் மட்டும் போடுங்கள். வெயிலில் காயவைத்தால் வெளுக்கும் என்பது உண்மையே. அந்த வெளுப்புக்கு விலையாக இழையின் வலிமை போகும்.

கிழிசலுக்கு

புதியவர்கள் சிறிய ஓட்டைகளை விட்டுவிடுவதே நல்லது. கட்டாயம் தாங்கல் வேண்டுமானால், துவைத்துக் கஞ்சி நீக்கிய மெல்லிய பருத்தித் துணியைப் பின்புறம் வைத்து, மிக மெல்லிய ஊசியால், துணியைவிட வலிமை குறைந்த நூலால், பழைய தையல் துளைகளுக்கு இடையில் இலேசாகப் பற்றித் தையுங்கள். இஸ்திரி வைத்து ஒட்டும் ஃபியூசிங் துணியும் பசையும் பின்னால் நீக்க முடியாதவை. முன்னோர் யாரோ ஒருவர் இழையோட்டி ஒட்டுப்போட்ட இடங்களைப் பிரித்துவிடாதீர்கள்.

நான்காம் படி: குழந்தைக்கு அணிவிப்பதானால்

பிரிட்டன் அரச குடும்பத்தின் அங்கியைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். 1841இல் விக்டோரியா அரசியின் மூத்த மகளுக்காகச் செய்யப்பட்ட பட்டும் இங்கிலாந்தின் ஹானிட்டன் ஊர்ப் பெயர் கொண்ட லேஸும் உள்ள அந்த அங்கியை 60க்கும் மேற்பட்ட குழந்தைகள் உடுத்தினார்கள். 2004ஆம் ஆண்டுடன் அதற்கு ஓய்வு கொடுத்து, அதே போன்ற மாற்று அங்கியைத் தைத்து 2008 முதல் அதையே பயன்படுத்துகிறார்கள். அத்தனை வசதியுள்ளவர்களே அந்த முடிவுக்கு வந்ததை நினைவில் கொள்ளுங்கள். இழை தளர்ந்த அங்கியாக இருந்தால், அளவெடுத்து ஒரு புதிய அங்கி தைத்து, பழையதைச் சடங்கின்போது அருகில் வைத்துக்கொள்வது முழு மரியாதையே.

இழை உறுதியாக இருந்தால், முதலில் குழந்தையின் மார்பையும் மேற்கையையும் நாடாவால் அளந்து நோட்டிலுள்ள அளவுடன் ஒப்பிடுங்கள். இவ்வங்கிகள் பிறந்து சில வாரங்களே ஆன குழந்தைக்குத் தைக்கப்பட்டவை. ஆறுமாதக் குழந்தையின் கை அந்தத் துளைக்குள் நுழையாது, வற்புறுத்தினால் அக்குளில் கிழியும். அன்று காலை எண்ணெய், பவுடர், கண்மை எதுவும் பூசாதீர்கள். வளையல், கொலுசு, அரைஞாண், சங்கிலி ஆகியவற்றைக் கழற்றிவிடுங்கள். அவை மாட்டினால் லேஸ் ஒரு நொடியில் அறுந்துபோகும். உள்ளே மெல்லிய பருத்திச் சட்டை அணிவித்து, ஆலயத்துக்குச் சென்றபின் அங்கியைப் போட்டு, முதுகில் நாடாவால் மட்டும் கட்டுங்கள். ஊக்கு குத்தக் கூடாது. கத்தோலிக்கத் திருமுழுக்கில் மார்பிலும் உச்சியிலும் எண்ணெய் பூசுவார்கள் என்பதால், கழுத்து நாடாவைத் தளர்த்தி ஒரு கைக்குட்டையைச் செருகிவைக்கலாமா என்று குருவானவரிடம் முன்கூட்டியே கேளுங்கள். மெழுகுவர்த்தியை ஏந்துபவர் சற்றுத் தள்ளி நிற்கட்டும். சடங்கும் படமெடுப்பும் முடிந்ததும், பால் குடிக்கும் முன்பே, அங்கியைக் கழற்றிவிடுங்கள்.

மற்றொன்று மிகவும் முக்கியமானது. அந்துருண்டை போட்டுவைத்த துணியைக் குழந்தைக்கு ஒருபோதும் உடுத்தாதீர்கள். ஜி-6-பி-டி நொதிக் குறைபாடுள்ள குழந்தைக்கு அந்துருண்டையிலுள்ள நாப்தலீன் வாடையே இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துக் கடும் மஞ்சள் காமாலையை உண்டாக்கக்கூடும். அந்தக் குறைபாடு வெளியே தெரியாது.

ஐந்தாம் படி: பத்திரப்படுத்துதல்

அங்கியை மாட்டித் தொங்கவிடக் கூடாது. மடிப்பு குறைவாக விழும்படி நீளமான பெட்டி தேவை. அமிலமற்ற அட்டைப்பெட்டி சிறந்தது; கிடைக்காதபோது பாலிப்ரொப்பிலீன் பெட்டி போதும், பி.வி.சி. கூடாது. மரப்பெட்டியும் பழுப்பு அட்டையும் அமில ஆவியை விடுபவை என்பதால், அவற்றைத் துணி நேரடியாகத் தொடக்கூடாது. அமிலமற்ற டிஷ்யூ தாள் கிடைத்தால் அதையும், கிடைக்காவிட்டால் பலமுறை துவைத்த வெள்ளைப் பருத்தித் துணியையும் சுருட்டி ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் வையுங்கள். கைகளுக்குள்ளும் சிறு சுருள்களை நுழையுங்கள். மடிப்பு கூராக விழுந்தால் அந்தக் கோட்டில்தான் இழை முதலில் அறும்.

பருத்தியை அந்துப்பூச்சி அவ்வளவாக நாடாது. இராமபாணப் பூச்சியோ கஞ்சியைத் தேடி வரும். கஞ்சியில்லாமல், சுத்தமாக, முழுதும் உலர்த்தி வைத்தாலே பாதிப் பாதுகாப்பு வந்துவிடும். வேப்பிலையோ வசம்போ வைக்க விரும்பினால் பெட்டிக்கு வெளியே, பீரோவின் தட்டில் வையுங்கள். அங்கியைத் தொட்டால் கறையாகும். பரண், சமையலறைச் சுவர், மழைநீர் ஊறும் வெளிச்சுவர் ஆகியவற்றை ஒட்டி வைக்காதீர்கள். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சணம் பிடிக்கும் என்பதால் மழைக்காலத்தில் சிலிக்கா ஜெல் பைகளைப் பெட்டியின் மூலையில் வைத்து அவ்வப்போது மாற்றுங்கள்.

மழை முடிந்த தை, மாசி மாதங்களில் ஆண்டுக்கு ஒருமுறை திறந்து, பூச்சியும் புதுக் கறையும் உண்டா என்று பார்த்து, முந்தைய மடிப்புக் கோடுகளை விட்டு வேறு இடத்தில் மடித்து வையுங்கள். பார்த்த தேதியை நோட்டில் எழுதுங்கள்.

குடும்பத்தில் வேறொருவர் இரவல் கேட்டால், அங்கியோடு அளவுகளையும் அணிவிக்கும் முறையையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். பயன்படுத்தி முடித்ததும் துவைக்காமல் உங்களிடம் அப்படியே தரச் சொல்லுங்கள். வாரிசு இல்லாமல் அருங்காட்சியகத்துக்குக் கொடுக்க நினைத்தால், முதலில் படங்களையும் பெயர் வரிசையையும் அனுப்பிக் கேளுங்கள். பூவேலையின் அழகை மட்டும் பார்த்து அவர்கள் முடிவெடுப்பதில்லை. யார் தைத்தார், யார் உடுத்தினார், எந்த ஊர் என்ற விவரங்களோடு வரும் அங்கியையே பெரிதும் விரும்பி ஏற்கிறார்கள்.